இன்றைக்கு உன் முறை

கடைசி பாட்டிலைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி அனுப்பிச் சில நாட்களாகின்றன. பாட்டில்தான் போயிற்றே தவிர, அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் உன் இறால் ஊறுகாய் வாசனைதான். வினிகரும் வறுத்த வெந்தயமும் கலந்த வாசனை. எண்ணெய் கசிந்து பலகைக்குள்ளேயே ஊறிவிட்டது. "மூடியை இறுக்கி மூடுடி" என்று உன்னிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன், நீ கேட்டதே இல்லை. நல்லவேளை கேட்கவில்லை. லேப்டாப்பை அந்த அலமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்று விடிந்ததும் கருவாடு போடும் கன்னியம்மாக்கா போன் செய்தார். அவர் சொன்னதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொல்வதானாலும் முதலிலிருந்து விளக்க வேண்டும். விளக்கி முடித்தாலும் ஒரு ஊறுகாய் பாட்டிலுக்கா இவ்வளவு என்று பார்ப்பார்கள். நைனாவிடம் சொல்லிப் பார்த்தேன். வலையை உதறிக்கொண்டே "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது என் தப்பு.

நீ உயிரோடு இருந்தபோது எனக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சம் என்று ஒன்று இருக்கிறதென்றே தெரியாது. நான் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருவேன், நீ பழவேற்காட்டு டவுனில் உங்கள் பழைய பெரிய வீட்டிலிருந்து வருவாய். ஒரே பஸ், திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் ஒரே சீட், பொன்னேரியில் ஒரே ரயில். சென்னையில் ஒரே கம்பெனி. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி வைத்திருந்தோம். உள்ளபடி நம் வேலை, பிறருடைய ஆன்லைன் கடைகளுக்கு வழி போட்டுக் கொடுப்பது. எந்தப் பொருள் எந்தப் பிரிவில் இருக்க வேண்டும், மெனுவில் எது முதலில் வர வேண்டும், ஓரத்தில் என்னென்ன ஃபில்டர் வைத்தால் வந்தவர் வேண்டியதைக் கண்டுபிடிப்பார். அவ்வளவுதான்.

அந்தப் புடவைக் கடைக்காரர்களின் மீட்டிங் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. நூல் வகை, நெசவு வகை, கரையின் அகலம் என்று ஃபில்டர் பட்டியலை அவர்கள் நீட்டிக்கொண்டே போனார்கள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நீ பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், உங்க கடைக்கு வர்ற பொம்பள கரை எத்தினி அங்குலம்னா கேக்குது? கல்யாணத்துக்கா, வேலைக்குக் கட்டிக்கினு போறதுக்கான்னுதானே நீங்களே கேப்பீங்க?" என்றாய். அவர்கள் சிரித்துவிட்டார்கள். நம் மேனேஜர் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில், "ஃபில்டருன்னா இன்னா? விக்கிறவ கேக்குற கேள்வி. நாலு கேட்டா வாங்குவாங்க. அதுக்கு மேல கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றாய். நம் கடையில் கடைசிவரை நான்கு ஃபில்டர்தான்.

நம் கடை. அதை ஆரம்பிக்கலாம் என்று சொன்னது நான். இங்கே கிடைக்கிற மீன், இறால், நண்டு, கருவாடு எல்லாவற்றையும் ஆன்லைனில் ஒரே இடத்தில் போட்டு விற்கலாம் என்றேன். அப்போதே நான் பிரிவுகளும் பிரித்து வைத்திருந்தேன்: கடல் மீன், ஏரி மீன், கருவாடு. நீ அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தாய். "உனுக்கு ஏரியும் கடலும் வேற வேற. மாம்பலத்துல கீறவங்களுக்கு ரெண்டும் தண்ணிதான்டி." மறுநாள் அட்டை அட்டையாக மீன் பேர்களை எழுதிக்கொண்டு வந்தாய். லேடீஸ் பெட்டியில் மடியில் துண்டை விரித்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்து, "எதோட எது சேரும்னு நீங்களே வைங்க" என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அனுப்பம்பட்டில் ஏறிய ஒரு அம்மா கொடுவாவையும் நண்டையும் ஒரு குவியலில் போட்டு, "இது மருமகப்புள்ள வந்தா" என்றார். நெத்திலியும் காரப்பொடி மீனும் இன்னொரு குவியல். "இது எங்களுக்கு." எதிரே இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா யக்கா, முள்ளப் பாக்க வேணாவா? எம்புள்ள முள்ளுன்னா தட்டையே தள்ளிடுவான்" என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியபோது, மீஞ்சூரில் ஏறிய ஒருத்தி தலையை நீட்டி, "எங்க வூட்டு ஓனரு சைவம். ஜன்னலச் சாத்திக்கினு ஆக்குனா வெளியே வாசன போவாதது எது? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். பெட்டியே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டாய்.

முள், வாசனை, காரம். மூன்று ஃபில்டர் அந்தப் பயணங்களில் கிடைத்தவை. நான்காவது உன்னுடையது: எத்தனை பேருக்கு. அதில் 'ஒருவருக்கு' என்று ஒரு கட்டம் வேண்டும் என்றாய். மீன் வாங்குகிறவள் ஒருத்திக்கா வாங்குவாள் என்று நான் கேட்டேன். உன் உம்மா இறந்து அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அண்ணன் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய வீட்டில் நீ ஒருத்தி. "அரக் கிலோ வாங்கி ரெண்டு நாளா அதையே துன்னுனு கீறேன். பேஜாரா கீது" என்றாய். கட்டத்தை வைத்தோம்.

கடை ஓட ஆரம்பித்ததும் வேலையை விட்டோம். கருவாடு போடும் அக்காமார்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கூடவே உன் இறால் ஊறுகாய். ஒவ்வொருவர் பேரும் மெனுவில் இருக்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். பேர் வந்தது, சண்டையும் வந்தது. யார் பேர் மேலே இருக்கிறதோ அவர் சரக்குதான் எல்லாப் பக்கத்திலும் முதலில் நிற்கும். கன்னியம்மாக்கா ஒருநாள் வெயிலில் நடந்து உன் வீட்டுக்கே வந்துவிட்டார். போனை நம் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "இன்னாமே இது? எம்பேரு அடியில கெடக்குது? நான் இன்னா செத்தவளா?" என்று கேட்டார். அதிகம் விற்பதை மேலே வைக்கலாம், புதிதாக வந்ததை மேலே வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் நான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்: "அப்ப நான் எப்ப மேல வருவேன்?"

நீதான் என் பக்கம் திரும்பி, "உங்க ஏரியில இன்னா பண்றீங்க?" என்று கேட்டாய். ஏரியில் மீன் விழுகிற இடம் எது, விழாத இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் நல்ல இடத்துக்கே போனால் வெட்டுக் குத்துதான். அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இந்த இடத்தில் இவர் வலை, நாளைக்கு அடுத்தவர் வலை. பாடு என்போம். பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயம், அதை ஒரு கடைப் பக்கத்தில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "அதையே வையேன். தெனம் ஒருத்தர் மேல" என்றாய். கன்னியம்மாக்கா அப்போதுதான் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார்.

அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டுச் சீட்டுப் போட்டோம். நீயும் சரக்கு போடுகிறவள்தானே என்று உன் பேரையும் எழுதி உருட்டிப் போட வைத்தார்கள். உன் முறை கன்னியம்மாக்காவுக்கு முதல் நாள் விழுந்தது. "எனுக்கு முன்னாடி நீயா? சரி, பொழச்சுப் போ" என்று அவர் உன் கன்னத்தைக் கிள்ளினார். அன்றிலிருந்து விடியற்காலையில் மெனு தானாகச் சுற்றுகிறது.

இன்னொன்றும் நீ பிடிவாதமாகச் செய்தாய். சரக்கு தீர்ந்துவிட்டால் அந்தப் பேர் மெனுவில் நிற்கக் கூடாது. "தட்டுனதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லன்னு காட்டுறது, வூட்டுக்குக் கூப்ட்டுட்டுக் கதவச் சாத்துற மாதிரி. காலியாச்சுன்னா எடுத்துடு. சரக்கு வந்தா தானா திரும்ப வரும்." எனக்கும் சரியென்றுதான் பட்டது. அதையும் தானாக நடக்கிற மாதிரி எழுதி வைத்தோம்.

பிறகு காய்ச்சல் என்று படுத்தாய். ரெண்டு நாளில் எழுந்து வந்துவிடுவேன், ஆர்டரை நீ பார்த்துக்கொள் என்று போனில் சொன்னாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது உன் வீடு முழுக்க ஆட்கள். ஆண்கள் உன்னை அடக்கம் செய்ய மையவாடிக்கு எடுத்துப் போனார்கள், பெண்கள் வீட்டோடு நின்றோம். எல்லோரும் போனபின் நான் உன் சமையலறைக்குப் போனேன். அங்கே பாட்டில்கள் வரிசையாக, லேபிள் ஒட்டித் தயாராக இருந்தன. உன் அண்ணன் வீட்டைப் பூட்டுமுன் அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அவை விற்றன. வாங்குகிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒவ்வொரு ஆர்டருக்கும் மீதி எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். கடைசி பாட்டில் என்று வந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இது போனால் மெனுவிலிருந்து உன் பேரும் போய்விடும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தானாகப் போய்விடும்.

நான் செய்த வேலையைக் கேட்டால் நீ என் தலையில் குட்டுவாய். கடைப் பக்கத்தில் அந்த பாட்டிலுக்கு இருந்த ஃபில்டர் அடையாளங்களையெல்லாம் கழற்றிவிட்டேன். முள் இல்லாதது என்று தட்டினாலும் வராது, காரம் என்று தட்டினாலும் வராது. வேறெந்தப் பக்கத்திலும் வராது, உன் பேரையே தட்டினால்தான் வரும். நம் வாடிக்கைக்காரர்கள் பேரைத் தட்டுகிறவர்கள் இல்லை. மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்காகக் கற்றுக்கொண்ட அத்தனையையும், ஒரு பாட்டில் யார் கண்ணிலும் படாமல் இருக்கப் பயன்படுத்தினேன். பேர் மெனுவில் இருந்தது. உன் முறை வரும் நாளில் மேலே ஏறி நின்றது. அன்றைக்கெல்லாம் நான் கடைப் பக்கத்தை மூடவே மாட்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து ஒரு பெண். முன்பு உன் ஊறுகாயை வாங்கியவள். தேடுகிற கட்டத்தில் உன் பேரையே தட்டி நேராக வந்திருந்தாள். நான் அந்த ஆர்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிக்கவும், தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி அனுப்பினால் போதும். பாட்டில் என்னிடமே இருக்கும். லேபிளில் நீ எழுதிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. வைத்திருந்தால் கெட்டுப்போகும், அதைத் திறந்து தின்ன எனக்குத் தைரியமும் இல்லை. "தேடி வர்றவங்க வந்துடுவாங்கடி. நம்ம வேல அவங்க வழியில நிக்காம இருக்கறதுதான்" என்று நீ சொல்வாய். அன்றைக்கு வழியில் நின்றது நான். எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துவந்தேன்.

ஆர்டரை ஏற்றுக்கொண்ட நொடியில் பேர் போயிற்று. அந்த இடத்தில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. கீழே இருந்தவர்கள் ஆளுக்கொரு படி மேலே ஏறிக்கொண்டார்கள். நாம் அப்படித்தானே எழுதி வைத்திருந்தோம். நன்றாக வேலை செய்தது. நான் லேப்டாப்பை மூடிவிட்டு அழுதேன். நைனா வந்து, "இன்னாம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

இன்று காலைதான் கன்னியம்மாக்கா போன். எடுத்த எடுப்பிலேயே கோபம்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? எம்பேரு மேல நிக்குது?"

"இன்னிக்கு உங்க முறைதான்க்கா."

"யாரு சொன்னது? எனுக்கு நாளைக்கு. இன்னிக்கு அந்தப் பொண்ணு முறை."

"அவ சரக்கு முடிஞ்சிடுச்சுக்கா. அதான் பேரு தானா போயிடுச்சு."

போனில் காற்றுச் சத்தம் கேட்டது. கருவாடு காயப்போடுகிற மணலில் நின்றிருப்பார். குரல் தணிந்து வந்தது.

"இன்னொருத்தர் முறையில வலை எறக்குற பழக்கம் எங்க வூட்ல கெடையாது. அவ இருக்காளோ இல்லையோ, சீட்டுல வுழுந்தது வுழுந்ததுதான். என்னக் கீழ எறக்கு. மத்தவங்களையும் கேட்டுட்டேன், அவங்களும் அதான் சொல்றாங்க. நாளைக்கு மேல வரேன் நான்."

வைத்துவிட்டார். அடியில் கிடக்கிறேன் என்று வெயிலில் நடந்து வந்து சண்டை போட்டவர் அவர். உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு வரவில்லை. உன்னைப் பற்றி யோசிக்கிற ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்து உன் விதியை மாற்றி எழுதினேன். எல்லோருக்கும் இல்லை, உனக்கு மட்டும். சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் பேர் மெனுவில் நிற்கும், உன் முறை அன்றைக்கு மேலே வரும். தட்டினால் திறக்கிற பக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினேன், அழித்தேன். விரைவில் வரும் என்பது பொய். கடைசியில் 'இன்று இவர் முறை' என்று மட்டும் போட்டிருக்கிறேன். காலியான பக்கத்தைக் காட்டுகிறாயே என்று நீ திட்டுவாய். திட்டு.

மத்தியானம் வரை யாரும் தட்டவில்லை. நான்தான் தட்டினேன். பக்கம் திறந்தது. ஓரத்தில் நம் நான்கு கேள்விகளும் வழக்கம்போல நின்றன. முள்ளைத் தாண்டி, வாசனையைத் தாண்டி, காரத்தைத் தாண்டி, எத்தனை பேருக்கு என்ற இடத்துக்கு வந்தேன். 'ஒருவருக்கு' என்ற உன் கட்டத்தைத் தொட்டேன். எதுவும் வரவில்லை. மூட மனமில்லாமல் அப்படியே திறந்து வைத்திருக்கிறேன். நாளை விடிந்தால் கன்னியம்மாக்கா மேலே வந்துவிடுவார். அதுவரை உன் முறைதான்.