அலெக்சாண்டர் பெயரில் ஓடியது

4 ஆகஸ்ட் 1986, திங்கள்

பன்னிரண்டு வருடம் ஆபீஸில் கணினிக்கான அட்டையில் ஓட்டை போட்டவள் நான். இனி அட்டையே கிடையாதாம். யூனிக்ஸும் சி-யும் படித்துத் தேறினால் கணினிப் பிரிவு, இல்லாவிட்டால் வீடு. சிராங்கூன் ரோட்டு மாடியில் மாலை வகுப்பு. "உனக்கென்ன ஜரீனா, ஊதித் தள்ளிடுவே லா" என்கிறார் வீட்டுக்காரர். வாயால் ஊதுவதற்கு என்ன!

7 ஆகஸ்ட்

கட்டளைகளைக் கோத்து எழுதிய முதல் ஷெல் ஸ்கிரிப்ட். ஓடு என்றால், 'அனுமதி இல்லை' என்கிறது. நான் எழுதியதற்கு எனக்கே அனுமதி இல்லையா? பக்கத்து இருக்கை அலெக்சாண்டர்தான், "அக்கா, இந்த ஃபைல் ஓடலாம்னு முதல்ல சொல்லணும்" என்று ஒரு கட்டளை தட்டிக் கொடுத்தார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை போனவர். இந்தச் சான்றிதழ் கிடைத்தால் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளுமாம்.

12 ஆகஸ்ட்

மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

19 ஆகஸ்ட்

பாஸ்வேர்டை மறந்து தொலைத்தேன். ஆசிரியர் லிம்மிடம் மூன்றாம் தடவை கேட்க வெட்கம். அலெக்சாண்டர் தன் பெயரில் என்னை உள்ளே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அது விதிப்படி தப்பு, தெரியும்.

ஃபோர்க் பயிற்சி. ஓடுகிற புரோகிராம் தன்னைப் போல இன்னொன்றைப் பெற்றுக்கொள்ளும். பிறந்தது வேலை முடிந்ததும் நிற்க வேண்டும். நிற்கச் சொல்லும் வரியை நான் எழுதவில்லை. பிள்ளையும் பெற்றது, பேரனும் பெற்றது... ஒரே கணினியில் இணைத்திருந்த பன்னிரண்டு திரையும் நின்றுபோயின. எல்லோருடைய வேலையும் போச்சு!

லிம் தன் திரையில், ஓடுகிற புரோகிராம்கள் யார் யாருடையவை என்று பட்டியல் எடுத்தார். முழுக்க அலெக்சாண்டர் பெயர். டீயோடு வந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். "என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை அவருக்குத் தேர்வு கிடையாது.

படியிறங்கும்போது, "பெயர் கொடுத்தவன், வாங்கினவங்க, ரெண்டு பேரையும் நீக்குவாங்க. ஒருத்தர் போனா போதும்க்கா" என்றார்.

யா அல்லாஹ், என் நாக்கு எங்கே போனது?

22 ஆகஸ்ட்

சொல்லிவிடலாம் என்று லிம்மின் கதவு வரை போனேன். இரண்டு தடவை. திரும்பி வந்தேன், இரண்டு தடவையும். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால்? என்ன செய்றதுன்னே தெரியல.

29 ஆகஸ்ட்

தேர்வு. ஃபோர்க் வந்தது. நிற்கச் சொல்லும் வரியை எழுதினேன். பக்கத்து இருக்கை காலி.

10 செப்டம்பர்

எழுபத்தொன்று. தேறிவிட்டேன். வீட்டுக்காரர் பிரியாணி வாங்கி வந்தார். இறங்கவில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

இன்று அலெக்சாண்டர் வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் ஆங் மோ கியோவுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. அந்தக் கம்பெனி காத்திருக்கவில்லையாம். அலெக்சாண்டர் புக்கிட் பாத்தோக்கில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமையும்.

"நீங்க பாஸானதுல அவருக்கு ரொம்ப சந்தோஷம்க்கா" என்றாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "அவர் அப்படி ஒரு தப்பு பண்ற ஆள் இல்லக்கா. வேற யாரோதான். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.