பதிவேட்டில் முப்பத்தெட்டு பேர்

கச்சிராயபாளையம்
புதன்கிழமை

இல்லை, உன்னால்தான் என்று நான் சொல்லமாட்டேன் நான்சி. உன்னால் இல்லவே இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அதைக் கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதனால் இந்தக் கடிதம். உடம்புக்கு எனக்கு ஒன்றுமில்லை, மலை பஸ்ஸில் ஏறும்போது முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. டெல்லிக் குளிரில் உன் உடம்பும் மனமும் கெடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரிசையாகச் சொல்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டரை மணி, மேல்வளவுப் பள்ளியில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் செய்தித்தாள் துண்டு. ஜூனில் நீ வந்து ஒரு மாதம் என் சத்துணவு மையத்தில் உட்கார்ந்து எண்ணி எழுதிக்கொண்டு போனாயே, அந்த ஆய்விலிருந்து எடுத்த செய்தி. ஊர் பெயரை நீ போடவில்லை. ஆனால் மலை, ஓடை, ஒற்றை அறைப் பள்ளி, கணவனை இழந்த அமைப்பாளர் என்றால் அது எந்த ஊர் என்று இங்கே தெரியாதவர் யார்? சாப்பிடுவோர் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு பொய் என்று தலைப்பு. அதிகாரி பிள்ளைகளை எண்ணினார். இருபத்தாறு. பதிவேட்டைத் திறந்தார். முப்பத்தெட்டு. சுவரோரமாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு சின்னதுகளை அவர் எண்ணவில்லை. அவை பள்ளியில் சேர்ந்தவை அல்ல. உனக்குத் தெரியும், மிளகு பறிக்கக் கேரளா போன அப்பா அம்மா, சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும் அக்கா, ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் பால்வாடி. பெற்றோரோடு போய்விட்ட பெரிய பிள்ளைகளின் பெயரில் அந்தச் சின்னதுகளுக்குச் சாதம் போட்டோம். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார். எனக்குப் பேச நேரம் இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் பேசவில்லை. அம்சவள்ளிதான் அடுப்பு ரூமிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எண்ணிச் சொல்றது நாந்தாங்க சார், அம்மா நான் சொல்றத எழுதுவாங்க, எனக்கு சரியா எண்ண வராதுங்க என்றாள். எண்ண வராமத்தான் இத்தினி வருசமா முட்ட போட்டுக்கினு இருந்தியா என்று அவர் கேட்டார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. முட்ட வெச்ச எடத்துல இருக்குது சார், புள்ளைங்க ஓடிக்கினே இருக்குதே என்றாள். ஜீப் டிரைவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைச் சமையலர் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எனக்கு இனி கவனமாக இருக்கவும் என்று ஒரு தாள்.

அவள் எண்ணிச் சொல்லவில்லை. எட்டு வருடமாக எழுதியது என் கை. எண்ணத் தெரியாது என்றதும் பொய். எத்தனை குழந்தைக்குக் காய்ச்சல், எத்தனைக்குப் பல் விழுந்தது என்பது வரை அவளுக்குக் கணக்கு உண்டு. நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்று பல நாளாக யோசிக்கிறேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. உன் உதவித்தொகை வராத மாதங்கள் ஞாபகம் வந்தன. இதெல்லாம் பிறகு தேடிப் பிடித்த காரணங்களாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் பயம் மட்டும்தான் இருந்தது.

நீ அனுப்பிய ஆய்வை அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். கசிவு என்று ஒரு சொல்லை நீ போனில் விளக்கினாய், அரசாங்கம் ஏழைக்கு என்று விடுவது வழியில் எங்கோ போய்விடுவது. எங்கே போகிறது என்று நீ பார்த்தாய். இரண்டு வயதுக் குழந்தையின் வாய்க்குப் போவதைப் பார்த்தாய், அதை எழுதியும் இருக்கிறாய், அரசு விதி காணாத குழந்தை என்று. ஆனால் அது பதினேழாம் பக்கம். பதினேழாம் பக்கம் வரை யாரும் வரவில்லை. முதல் பக்கத்தில் எண் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வறுமையைப் பற்றிப் படிக்கும்போது இதையும் யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. நான் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை கண்ணு. பதிவேட்டைப் போட்டோ எடுத்துக்கொள் என்று கொடுத்தவளே நான்தான். மகள் பெரிய படிப்புக்கு என் எழுத்தைக் கேட்கிறாள் என்று பெருமை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ பத்தாவது படித்த வருடம் ராத்திரிக்குத் தூக்குச் சட்டியில் சாதம் கொண்டு வருவேனே, மிச்சம் என்று. எல்லா நாளும் மிச்சம் இல்லை. நீ கேட்டதில்லை. உன் ஆய்வில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும் என்றால் எழுதிக்கொள், என் பெயரைப் போட்டே எழுது.

இப்போது வெளியிலிருந்து ஒரு சமையலர் வருகிறார். பள்ளியில் சேராத குழந்தை வளாகத்துக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பு. மூன்றாம் வகுப்பு சுபஸ்ரீ, தம்பியைக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு இரண்டு நாள் வந்தாள். முட்டையைப் பாதி கடித்து மீதியைப் பாவாடையில் முடிந்துகொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து அவளும் வரவில்லை. இப்படி ஏழு பேர். நேற்று பத்தொன்பது பேர் சாப்பிட்டார்கள், பத்தொன்பது என்று எழுதினேன். இத்தனை வருடத்தில் பதிவேடு இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

சனிக்கிழமை அம்சவள்ளி வீட்டுக்குப் போனேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவேயில்லை. எனக்கு இன்னாம்மா, மல இருக்குது, கடுக்கா பொறுக்குனா காலம் போவுது, உனக்குப் பொண்ணு படிச்சிக்கினு இருக்குது என்றாள். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், எட்டாவதோடு நின்றவள், உள்ளே தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பிறகு அம்சவள்ளி கேட்டாள், நான்சி பாப்பா எழுதுனது நல்லா வந்துச்சா, மார்க் ஜாஸ்தி போட்டாங்களா என்று. வந்தது என்றேன். என் பேரு போட்டிருக்குதா என்றாள். யார் பெயரும் போடக்கூடாதாம், அது விதி என்றேன். அட, என் பேர போட்டிருக்கலாமே, யாரு கேக்கப் போறாங்க என்று சிரித்தாள். அங்கே என்னால் உட்கார முடியவில்லை. காப்பி வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நீ படிப்பை விட்டுவிடப் போகிறேன் என்று அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. விடாதே. அழுது என்ன ஆகப்போகிறது, அவளுக்கு வேலை வரப்போகிறதா. பதினேழாம் பக்கத்தை மட்டும் தமிழில் எழுது, இங்கே படிக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி, பெரிய சொல் இல்லாமல். யாருக்கு அனுப்புவது என்று உன் பேராசிரியரைக் கேள். இனி எங்கே போய் எண்ணினாலும், எண்ணி முடித்த பிறகு அங்கே யார் மாட்டுவார்கள் என்று ஒரு ராத்திரி யோசித்துவிட்டு எழுது. கம்பளி போதவில்லை என்றால் சொல். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. இருபத்தொன்றாம் தேதி அப்பாவுக்குப் பூசை வைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் நீயும் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, மறந்துவிடாதே. உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன், தூரம் ஒன்றுமில்லை.

உன் அம்மா
ரீத்தா லூர்துராஜ்

பி.கு. இது நேற்று எழுதியது. தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை ஒன்றிய ஆபீசுக்குப் போய், பதிவேட்டில் எழுதியது நான், அம்சவள்ளிக்கு அதில் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளார்க் இரண்டு தடவை படித்தார். யோசிச்சுத்தான் எழுதினீங்களாம்மா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரை போட்டு நகல் தந்தார். அங்கிருந்து பள்ளிக்குப் போனேன். மதியச் சாப்பாடு முடிகிற வரை இருந்தேன். பிறகு அரிசி ரூம் சாவியைத் தலைமையாசிரியர் மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டே கால் பஸ்ஸில் மலை இறங்கினேன்.