இன்னும் ஓர் ஈத்து

ஆய்வகத்தின் உறைபெட்டியை இன்று காலி செய்தோம், அண்ணே. அடித்தட்டில் உங்கள் ஆடுகளின் இரத்தக் குப்பிகள் இருந்தன. எண் போட்டால் போதும் என்று நான் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லி எழுதவைத்தீர்கள். கருவாச்சி, சுட்டி, பால்ராணி. தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை.

கருவில் ஒரு குட்டி எப்படி ஆணாகிறது, எப்படிப் பெண்ணாகிறது, எங்கே தடம் மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்குக் கொம்பில்லாத ஆடுகள் வேண்டும். மதுரையிலிருந்து தேடிக்கொண்டு வந்தவளுக்குப் பேரையூரில் எல்லாரும் உங்கள் பட்டியைத்தான் காட்டினார்கள். உங்களிடம் கொம்பே முளைக்காத மோழைக் கிடா ஒன்று நின்றது. அதற்குப் பிறந்த மோழைக் குட்டிகளில் சிலவற்றை விற்காமல் வளர்த்து, அதே கிடாவோடு சேர்த்தீர்கள். கொம்பில்லாத ஆடு ஒன்றையொன்று வயிற்றில் குத்தாது என்பது உங்கள் கணக்கு. உங்கள் கையால் பெட்டைக்குட்டி வாங்கினால் பட்டி பெருகும் என்று சுற்றுப்பட்டில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் உங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பிறகு அந்தக் குட்டிகள் வந்தன. பார்க்கப் பெட்டை, வளர்ந்தால் சினை பிடிக்காது, கிடாவைப் போல மற்ற ஆடுகளின் மேல் தாவும். ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள்: "பொட்டயுமில்லாம கிடாயுமில்லாம நிக்குது டாக்டரம்மா. மச்சான்கிட்ட கொம்புக் கிடா ஒண்ணு நிக்குது. மாத்திரவா?"

மாற்றியிருந்தால் போதும், அண்ணே. கொம்பை இல்லாமல் ஆக்கும் அதே மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வந்தால், பெண்குட்டிக்குச் சினைப்பையாக வேண்டியது விதையாகத் திரும்பிவிடும். கொம்புள்ள கிடாவைச் சேர்த்தால் அந்தத் தொல்லையே இல்லை. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் இன்னும் கொஞ்சம் குட்டிகள் கிடைத்தால் என் கட்டுரை முழுமையாகும். "இன்னும் ஒரு ஈத்து பாப்போம்ணே" என்றேன். ஏன் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. படித்தவள், நம் நல்லதுக்குத்தான் சொல்வாள் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு ஈத்து இரண்டானது; இரண்டு தடவையும் ஆடுகள் அதே மோழைக் கிடாவுக்கே குட்டி போட்டன.

டீக்கடையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உங்களிடம் குட்டி வாங்கிய உங்கள் சொந்தக்காரர், அது சினை பிடிக்கவே இல்லை என்று பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டார். தெரிந்தேதான் ஏமாற்றி விற்றீர்கள் என்றார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆடுகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் என் பைக்குள்ளேயே இருந்தன. நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். நீங்களே என்னைக் காட்டி அவரிடம் சொன்னீர்கள்: "அவுக பாத்துக்கிட்டு இருக்காக மாப்ள. முடிவு வரட்டும்."

அதற்குப் பிறகு உங்களிடம் குட்டி கேட்டு யாரும் வரவில்லை.

கட்டுரை அச்சாகி நான் வந்தபோது நீங்கள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மாரடைப்பு என்றார்கள். எனக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எனக்கு முன்பே தெரியும் என்பது உட்பட. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். பட்டியைப் பார்த்தபடி, "கைராசி போச்சுன்னே கடைசிவரைக்கும் மருகிக்கிட்டுக் கெடந்தாரு" என்றார். அவ்வளவுதான். மோர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன், அதுவும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கட்டுரையின் கடைசியில் ஒத்துழைத்த ஆட்டுக்காரர்களுக்கு நன்றி என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை நான் மறுபடி படித்ததில்லை.

இப்போது எந்தப் பட்டிக்குப் போனாலும் ஊசியை எடுக்குமுன் இதைத்தான் சொல்கிறேன். மோழைக்கு மோழை சேர்க்காதீர்கள், கொம்புக் கிடாவாகப் பாருங்கள் என்கிறேன். எனக்கு இரத்த மாதிரி கிடைக்காமல் போனால் போகட்டும். போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் ஒருவரிடம் சொல்லி முடித்தபோது, அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

அம்புட்டுத்தான், அண்ணே. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.