ஆற்றின் தப்பான கரையில் என்னைத் தேடியவர்கள்

எஸ்டகாடா, ஒரிகன்
அக்டோபர் 29, ஞாயிறு காலை

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீ நம்பப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன், நலம்தான், கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது, பசி நன்றாக எடுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிர்கிட்டும் அந்த பாஸ்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? பிர்கிட்டுக்குப் பல்லில் கம்பி மாட்டியதும் கேரமல் தின்னக்கூடாதென்று சொன்னார்களாம், பாவம் குழந்தை, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் விட்டுப்பிடி. இங்கே மழை தொடங்கிவிட்டது. கூரைத் தகரக்கால்வாயெல்லாம் ஊசியிலை அடைத்துக்கிடந்தது, பக்கத்து வீட்டு ஆர்லோ ஏணி பிடிக்க நான் ஏறிச் சுத்தம் செய்தேன். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை பார்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று முடித்துவிடுகிறாய், வக்கீலைப் பெற்றவளுக்கு இதுதான் கதி. நீ மின்னஞ்சலில் அனுப்பிய தாளை ஆர்லோ வீட்டு பிரிண்டரில் எடுத்துப் படித்தேன். இனிமேல் காட்டுக்குள் தனியாகப் போகமாட்டேன், மீறினால் வீட்டை விற்றுவிட்டு அந்த ஏரிக்கரை முதியோர் குடியிருப்புக்கு வரச் சம்மதிக்கிறேன், கீழே கையெழுத்து, தேதி. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நீ வரும்போது கையெழுத்தோடு தயாராக இருக்கவேண்டுமாம். மாரிட், நான் கையெழுத்துப் போடமாட்டேன். எழுத்தில் கேட்டாய், எழுத்திலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்று இனிமேல் சொல்கிறேன், காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படி.

முதலில் வழி காட்டும் அந்த மஞ்சள் ஜி.பி.எஸ் கருவி. அதைத் தூக்கிப் போடு, போன் போதும், இல்லாவிட்டால் பிறந்தநாளுக்கு வாங்கித்தந்த கைக்கடிகாரத்தைக் கட்டு என்கிறாய். யாரோ காட்டில் ஒளித்துவைத்து இணையத்தில் இட எண் மட்டும் போடும் பெட்டிகளைத் தேடி, போனை நம்பி ஒரு வருடம் போனவள்தான் நான். ஆற்றுப் பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் செத்துவிடும், வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம் மட்டும் இருக்கும், மழைத்துளி விழுந்தால் திரை தானே எதையாவது அமுக்கிக்கொள்ளும், கையுறை போட்டால் நான் அமுக்குவது அதற்குத் தெரியாது. அதனால்தான் ஏப்ரலில் போர்ட்லண்டுக்குப் போய் ஒரு கடையில் ஜி.பி.எஸ் கருவிகளைக் காட்டச் சொன்னேன். விற்பனையாளன் உன் வயதுதான் இருப்பான், "பேரனுக்கு வாங்குறீங்களா?" என்றான். "எனக்குத்தான், ஆயிரத்து எண்ணூறு பெட்டி கண்டுபிடிச்சிருக்கேன், நீங்க எத்தனை?" என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகப் பேசினான்.

அவன் காட்டியதிலேயே விலை உயர்ந்தது கண்ணாடி மாதிரி பளபளவென்று தொடுதிரையோடு இருந்தது, உள்ளேயே அடைத்த பேட்டரி, தீர்ந்தால் மின்சாரத்தில் சொருகவேண்டும். தேவதாரு மரத்தில் எங்கே சொருகுவது? இன்னொன்று போன வருடத்து மாடல், பின் அலமாரியில் கிடந்தது, மஞ்சள் நிறம், செங்கல் மாதிரி கனம், நிஜமான பொத்தான்கள், சாதாரணப் பேட்டரி இரண்டு போட்டால் போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். நான் பேச்சை நம்பவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த பூங்காவில் பெரிய மரங்களுக்கு அடியில் போய் ஒரே இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நின்றேன், அந்தப் பையனும் குடை பிடித்துக்கொண்டு கூட நின்றான். பளபளப்பானது நான் நிற்கும்போதே என்னை ஐம்பதடி அங்கும் இங்கும் நடக்கவைத்தது. செங்கல் பன்னிரண்டடிக்குள் அடங்கியிருந்தது. நின்ற இடத்திலேயே திசையும் சரியாகக் காட்டியது, சிலது நடந்தால்தான் திசை சொல்லும். அவ்வளவுதான், வாங்கிவிட்டேன். உன் கைக்கடிகாரம் நல்ல பொருள்தான், ஆனால் அது எனக்கு வழி காட்டுவதை விட உனக்கு என்னைக் காட்டுவதில்தான் குறியாக இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் ஒரு புள்ளியாக உன் ஆபீஸ் திரையில் வந்து நிற்கவேண்டுமா? நான் புள்ளியில்லை, உன் அம்மா.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன், 14ஆம் தேதி. அந்தப் பெட்டி, பச்சை நிறத்தில் பழைய ராணுவத் தோட்டா டப்பா, இருபது வருடத்துக்கு முன் யாரோ மலைச்சரிவில் ஒளித்தது. மூன்று வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாதக் கடைசிக்குள் யாராவது நேரில் பார்த்து இருக்கிறதென்று எழுதாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று பெட்டி தேடும் எங்கள் இணையப் பக்கத்தில் அறிவித்திருந்தார்கள். நான் இரண்டு தடவை போய்க் கிடைக்காமல் திரும்பி, கிடைக்கவில்லை என்று வெட்கப்படாமல் எழுதியும் வைத்திருந்தேன், எங்கள் ஆட்களில் அதை மறைப்பவனைத்தான் மட்டமாக நினைப்போம். மூன்றாவது தடவை விடுவதாயில்லை. எப்போதும்போல் போகிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன், மூன்று மணிக்குள் திரும்புவேன் என்றும் எழுதினேன். கருவி பதினைந்தடிக்குள் கொண்டுபோய் விட்டது, மீதி நம் கண்தான். விழுந்துகிடந்த மரத்தின் வேருக்கடியில் ஒரு மரப்பட்டைத் துண்டு மட்டும் கையால் வைத்த மாதிரி ஒழுங்காக இருந்தது. தூக்கினால் டப்பா! மாரிட், தனியாக நின்று கத்தினேன். உள்ளே நோட்டு ஈரமே படாமல் இருந்தது, கடைசிப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். ஒன்று எடுத்தால் அதே மதிப்பில் ஒன்று வைக்கவேண்டும் என்பது எங்கள் முறை, என் சின்ன விளக்கை வைத்துவிட்டு ஒரு தகர ஆமையை எடுத்தேன், இந்த உறையிலேயே இருக்கிறது, பிர்கிட்டிடம் கொடு.

இறங்கும்போதுதான் ஈரமான பாறையில் வழுக்கினேன், கணுக்கால் மடங்கியது. பயப்படவில்லை என்றால் பொய். பத்து நிமிடம் நன்றாகவே பயந்தேன், உன் முகம் ஞாபகம் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தின்றேன், பூட்ஸ் கயிற்றை இறுக்கினேன், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டேன். வந்த வழியெல்லாம் கருவி கோடு போட்டு வைத்திருந்தது, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். ஒரு மைலுக்கு மூன்று மணி நேரம். தாமதமானது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குள் உன் திரையில் என் போன் சிக்னல் செத்துக் காலையிலிருந்து ரோட்டோரத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு நீ ஆர்லோவைக் கூப்பிட்டாய், அவர் சாவி போட்டு வீட்டைத் திறந்து தாளைப் படித்துச் சொன்னார். வடக்கு நாற்பத்தைந்து டிகிரி, பத்து புள்ளி நான்கு ஒன்று இரண்டு. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம், பத்து நிமிடமும் அதற்கு மேல் ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பங்கும். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபடி பத்து நிமிடம் நாற்பத்தொரு வினாடி என்று எழுதித் தேடுதல் குழுவுக்குச் சொன்னாய். மேற்கு எண்ணிலும் அதே கதை. அவர்கள் நீ சொன்ன இடத்துக்கு அச்சுப் பிசகாமல் போனார்கள், கிட்டத்தட்ட அரை மைல் தள்ளி, ஆற்றின் அந்தக் கரைக்கு.

நான் ஐந்தரைக்கு நொண்டிக்கொண்டு காருக்கு வந்தால் எதிர்க்கரையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆறு பேர் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். "வெர்னா! சத்தம் கேட்டா பதில் குடுங்க!" குடுத்தேன், "இங்கதான் இருக்கேன், நீங்கதான் அந்தப் பக்கம் நிக்கிறீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன், ஆற்று இரைச்சலில் எதுவும் போகவில்லை, கார் ஹாரனை மூன்று தடவை நீளமாக அடித்தபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். பாலம் சுற்றி வந்த ஜோலீன் என்ற பெண் இடுப்புவரை நனைந்திருந்தாள், எனக்காக ஒரு ஓடையில் விழுந்து எழுந்திருக்கிறாள். நீ சொன்ன எண் எழுதிய தன் தாளையும் என் கருவியிலிருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், "அம்மா, நீங்க தொலையல, உங்க பொண்ணுதான் உங்கள இடம் மாத்தி வச்சிருச்சு" என்றாள். அவளுக்கு என் மாற்றுக் காலுறையும் சூடான காபியும் கொடுத்தேன். மறுவாரம் அந்தக் குழுவுக்கு இரண்டு ஆப்பிள் கேக் சுட்டு அனுப்பினேன், ஒரு துண்டுகூட மிஞ்சவில்லையாம்.

இதையெல்லாம் எங்கள் இணையப் பக்கத்தில் அப்படியே எழுதினேன், நீ எண்ணைத் தப்பாகப் படித்ததையும் சேர்த்து. நாற்பது பேர் சிரித்தார்கள். நீ அதைப் படித்துவிட்டு மூன்று நாள் பேசவில்லை. அது நான் செய்த தப்பு கண்ணு, மன்னித்துக்கொள், அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று, சிரித்தவர்களில் பாதிப்பேர் தாங்களும் அதே தப்பைச் செய்ததாக எழுதியிருந்தார்கள். ஆர்லோவே பெட்டி தேட ஆரம்பித்த முதல் வருடம் அப்படித்தான் ஒருவருடைய மாட்டுப் பட்டிக்குள் போய் நின்றாராம், காளை துரத்தியதாம். "வெர்னா, உன் பொண்ணு பரவாயில்ல, மாட்டுச் சாணியில விழல" என்கிறார்.

இப்போது வழக்குக்கு வா. உன் அப்பா அரிசோனாவில் ஐஸ்கிரீம் வாங்கக் கோல்ஃப் வண்டியில் போய்க் கவிழ்ந்து காறையெலும்பை உடைத்துக்கொண்டாரே, அவருக்கு எந்தத் தாள் அனுப்பினாய்? பூங்கொத்து அனுப்பினாய். நான் முப்பத்தொரு வருடம் பனி உறைந்த மலைரோட்டில் ஐம்பது குழந்தைகளை வைத்துப் பள்ளிப் பஸ் ஓட்டினேன், அதில் ஆறாவது இருக்கையில் நீயும் உட்கார்ந்திருந்தாய், அப்போது ஒருவரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற முதல் வருடம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. பகல் முழுக்க டிவி, சாயங்காலம் மறுபடி டிவி, நாளைக்கு எதற்கு எழுந்திருக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே படுப்பேன். அந்த வருடம்தான் உனக்கு நிம்மதியாக இருந்தது, அம்மா பத்திரமாக வீட்டிலேயே இருக்கிறாள் என்று.

என்ன மாற்றிக்கொள்வேன் என்றும் கேள். தாளில் இனிமேல் நிமிடம், புள்ளி என்று குழந்தைக்கும் புரிகிறாற்போல் எழுதுவேன். எத்தனை மணியானால் தேட ஆரம்பிக்கலாம் என்று ஆர்லோவிடம் சொல்லிவிட்டுப் போவேன். ஆபத்தில் ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் உதவி கேட்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கிவிட்டேன், நான் அமுக்கினால்தான் அது வாயைத் திறக்கும். இதற்கு மேல் ஒரு அடிகூட இறங்கமாட்டேன்.

அன்று ராத்திரி போனில் நீ அழுதுகொண்டே, "நீ செத்துட்டேன்னு நினைச்சேம்மா" என்றாய். நான் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இரண்டு வாரமாக அதையேதான் யோசிக்கிறேன். நீ விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போகப்போவதில்லை, ஒரு சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், கருவியை உன் கையில் கொடுத்துவிட்டு நான் பின்னால் வருவேன், நீ தப்பான பக்கம் திரும்பினாலும் வாயைத் திறக்கமாட்டேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். மேலே போய் நின்றபிறகும் நீ தாளை நீட்டினால் அப்போதும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஒருநாள் நான் செத்துப்போவேன் மாரிட், படுக்கையிலோ பாறையிலோ, அது உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அன்றைக்கு அழு, நன்றாக அழு. ஆனால் நீ பயப்படாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அந்த நாள்வரைக்கும் செத்தவள் மாதிரி உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல், சண்டை போட்டாலும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, நீண்ட நாள் இருக்கவேண்டும். வரும்போது தண்ணீர் புகாத பூட்ஸ் எடுத்துவர மறக்காதே, போன தடவை மாதிரி வெள்ளைக் கான்வாஸ் செருப்போடு வந்து நிற்காதே.

குறையாத அன்புடன், கொஞ்சமும் குறையாத பிடிவாதத்துடன்,
உன் அம்மா
வெர்னா டோலெஃப்சன்