அப்பாவின் குரல் நின்ற மதியம்

அக்கா,

இன்று ஸ்கேன் அறையில் புதிய ரப்பர் கையுறைப் பெட்டியைப் பிரித்தார்கள். அந்த வாடையில் சென்னை மறைந்து நம் கட்சால் தீவு வந்துவிட்டது. ரப்பர் மரங்களுக்கிடையே நீ முன்னால் நடக்கிறாய். பால் வெட்டிய வாளியோடு அப்பா நமக்குப் பின்னால் வருகிறார். இலைகளுக்கு அப்பால் கடல் மட்டும் மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது.

சுனாமி அப்பாவைக் கொண்டுபோன பிறகு அம்மா நம்மைப் போர்ட் பிளேருக்கு, லம்பா லைன் பகுதிக்கு அழைத்துவந்தாள். அங்கேதான் உனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. அக்கம்பக்கத்தில் இந்தியில் ‘பாகல்’, பைத்தியம், என்றார்கள். விருந்தாளிகள் வந்தால் அம்மா உன்னை உள்ளறைக்கு அனுப்பிவிடுவாள். மாத்திரை போட்டால் தேறுவாய்; சில மாதங்களில் நீயே நிறுத்திவிடுவாய். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. மனநோயில் மூளை எப்படி இயங்குகிறது என்று படமெடுத்து ஆராயும் வேலைக்கு நான் வந்ததே உன்னால்தான்.

நீயாகவே கேட்டு எங்கள் ஆய்வுக்கு வந்தாய். சக மருத்துவர் ஒருவர் உன்னைப் படமெடுத்தார். திரையில் தெரிந்த சாம்பல் நிற மடிப்புகளை, விமானத்திலிருந்து தீவைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாய்.

“இதுல எங்கிட்ட பேசுறவங்க எங்க இருக்காங்க புள்ள?”

“படத்துல அது தெரியாதுக்கா. நிறைய பேரோட படங்களைச் சேத்துப் பாத்தா ஏதோ கொஞ்சம் புரியும். உனக்கு என்ன கேக்குதுன்னு நீ சொன்னாத்தான் தெரியும்.”

“அப்ப கேளேன். இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

கேட்டேன்.

“மத்ததெல்லாம் திட்டுற குரலு. ஒண்ணு மட்டும் அப்பா. சாப்புட்டியான்னு கேப்பாரு. மாத்திரை போட்டா எல்லாம் பந்த் ஆயிருது. அவரும் போயிர்றாரு. எப்புடிடி போடுவேன்?”

அப்பாவை இரண்டாம் தடவை இழக்க மனமில்லாமல்தான் இத்தனை வருடமும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாய்.

“அவரு மட்டும் இருக்கணும். மத்தவங்க போகணும். முடியுமா?”

“தெரியலக்கா.”

உன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தேற்றுவதுபோல் நீ சிரித்தாய். “டீக்கே, சரி விடு. ஊருக்குப் போயி அவருகிட்டயே கேட்டுக்கிறேன்.”

என்ன கேட்டாயோ, அவர் என்ன சொன்னாரோ, மாத்திரையைத் தொடங்கினாய். ஒரு மதியம் போன் செய்தாய். “அப்பா போயிட்டாரு” என்று அழுதாய். போனைக் காதோடு வைத்திருந்தேன். அழுகை ஓய்ந்ததும் உன் குரல் வந்தது.

“இங்க மழை பெய்யுது. தகரத்துல விழுற சத்தம் மட்டும் கேக்குது. வெறும் மழையக் கேட்டு எவ்வளவு காலமாச்சு.”

அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நீயே டீ கொண்டுபோய்க் கொடுத்தாய். அவர்களோடு உட்கார்ந்தும் பேசினாய். சென்ற மழைக்காலத்தில், பகல் தூக்கத்திலேயே, உன் இதயம் நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் படமெடுக்க வருகிறவர்களிடம் முதலில் நான் ஒன்று கேட்கிறேன். நேற்று ஒரு பஸ் கண்டக்டரிடம் கேட்டேன். “போகக் கூடாதுன்னு நீங்க நினைக்கிற குரல் ஏதாவது இருக்கா?”

அவர் மெல்ல, “இருக்கும்மா” என்றார்.

நாற்காலியை அவரருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.