கருப்பையான்னே எழுதியாச்சுப்பா

என்னப் பெத்த அப்பாவுக்கு,

உங்களுக்குப் பேரன் பொறந்திருக்கான்பா. பொறந்து இன்னைக்கு முப்பதாம் நாளு. கருப்பையான்னு உங்க பேரையே வச்சுட்டேன். அதச் சொல்லத்தான் எழுதுறேன், மனசு அவ்வளவு லேசா இருக்கு.

சும்மா வைக்க விட்டாங்கன்னு நெனைக்காதீங்க. உங்க மருமகனுக்குப் பயம். "உங்கப்பாவ தொரை கூப்பிட்ட மாதிரி எம்புள்ளையையும் கூப்பிடுவாங்கடி"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல.

எஸ்டேட்டு பங்களாவுல நீங்க புல்லு வெட்டுன அத்தனை வருஷமும் தொரைக்கு நீங்க 'பிளாக்கி'. கருப்பன்னுதானே அர்த்தம், இதுல என்னன்னு கணக்கப்பிள்ளை கேப்பாரு. அத்தையும்தான் உங்கள 'எங்க கருப்பு'ன்னு கொஞ்சுவாங்க, நீங்க பல்லெல்லாம் தெரிய சிரிப்பீங்க. தொரை கூப்பிட்டா மட்டும் ஏம்ப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டே போனீங்க? அந்த மனுசனும் வெள்ளையா என்ன? வெயில் பட்டா பீட்ரூட்டு மாதிரி செவந்துல்ல கெடப்பாரு! அவர எவனாச்சும் 'ஏ செவப்பு'ன்னு கூப்பிட்டிருப்பானா?

தொரை சீமைக்குப் போயிட்டாரு. அந்தப் பேரு மட்டும் போகல. போன வாரம் புள்ள பேர பதிவுல எழுத எங்க லயத்து வீட்டுக்கு வந்த கணக்கப்பிள்ளை, "நம்ம பிளாக்கி பேரனா! சின்ன பிளாக்கின்னே போட்ருவமா?"ன்னு சிரிச்சாரு. அப்படி எழுதிட்டா பள்ளிக்கூடத்துலருந்து சாவு வரைக்கும் அதானே பேரு?

பச்ச ஒடம்புன்னும் பாக்காம எந்திரிச்சிட்டேன். "எங்கப்பா பேரு கருப்பையா. எழுதுனா அத எழுதுங்க. இல்லாட்டி நாளைக்குக் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்கு எந்தப் பொம்பள கூடையத் தூக்கிட்டு வர்றான்னு பாப்போம்"னேன். வாசல்ல நின்ன பொம்பளைங்க ஒருத்தரும் நகரல. அவரு மொணங்கிக்கிட்டே எழுதினாரு. நான் எட்டி வாசிச்சுப் பாத்தேன். மூணாங்கிளாஸ் வரைக்கும் நீங்க அனுப்புனது வீண் போகலப்பா. கருப்பையாதான். அப்பாடா! அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.

இன்னொரு கூத்தக் கேளுங்க. பய நல்ல செவப்பு! "செவத்த புள்ளைக்குக் கருப்பையாவா?"ன்னு பாக்க வர்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. "எங்க மாமனாரு பேருங்க"ன்னு உங்க மருமகன்தான் முந்திக்கிட்டுச் சொல்றாரு. பயந்த மனுசன் பேசுற பேச்சா இது!

நீங்க உசுரோட இருந்தப்ப உங்கள அப்படிக் கூப்பிட்ட ஒருத்தரையும் நான் தடுக்கலப்பா. கேட்டுக்கிட்டே தேயிலக் கொழுந்து எடுத்தேன். இவன அப்படி எவன் கூப்பிட்டாலும், எப்பேர்ப்பட்ட தொரையா இருந்தாலும், மொதல்ல என் கிட்ட பதில் சொல்லணும். இது சத்தியம்.

உங்க மூத்த மக,
கருப்பையாவோட அம்மா