ஐந்தாவது முகம்

நாள் 418, 06:25

கரியமில வாயு 0.31 சதவீதம். ஐந்து பேர் விடும் மூச்சுக்குச் சரியான அளவு. இரண்டாம் ஃபில்டர் மாற்றினேன். செவ்வாயின் தூசி மைதாவைவிட நைசு, எதில் வேண்டுமானாலும் புகுந்துவிடும்.

எழுதுவது பொற்கொடி, இந்த நிலையத்தின் காற்று ஆலைத் தொழில்நுட்பர். ஃபில்டர் வரும் பெட்டியின் அட்டையில், பேனாவால் எழுதுகிறேன். கணினியில் தட்டினால் ‘நலம்’ படித்துவிடும். படித்துவிட்டு, எனக்கு ஓய்வு தேவையா என்று கேட்கும். 

நலம் என்பது எங்கள் மகிழ்ச்சியைக் கவனிக்கும் இயந்திரம். காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு அறைத் திரையில் ஐந்து முகங்களைக் காட்டும். முதல் முகம் அழும், ஐந்தாவது முகம் காதுவரை இளிக்கும். நம் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டு ஒரு முகத்தைத் தொட வேண்டும். யாராவது மூன்றாவதற்குக் கீழே தொட்டால் ஐந்து பேரும் ஒரு மணி நேரம் வட்டமாக நின்று சிரிக்க வேண்டும். கையைத் தூக்கி, வாயைத் திறந்து, ஹா ஹா என்று. இரண்டு முறை நடந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் ஐந்தைத்தான் தொடுகிறோம்.

போன மாதம் காற்று ஆலையின் கட்டுப்பாட்டையும் நலத்திடம் கொடுத்துவிட்டார்கள். மனநிலைக்கு ஏற்பக் காற்றோட்டம் தருமாம். வெளங்கிடும்.

நாள் 420, 07:10

வாயு 0.31.

இன்னாசி அண்ணாச்சியைப் பற்றி எழுத வேண்டும். துளையிடும் வண்டி ஓட்டுபவர், தூத்துக்குடிக்காரர், வயது ஐம்பத்திரண்டு. வந்த புதிதில் வண்டியிலிருந்து வானொலியில் கூப்பிட்டு, இங்கே பாறைக்குக் கருவாட்டு வாசம் அடிக்கிறது என்று வம்பளப்பார். இப்போது வண்டியை எடுப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. குளித்துப் பதினொரு நாளாகிறது. தட்டில் போட்டதைப் பாதிக்குமேல் தொடுவதில்லை. பேசினால், பின்னால் யாரோ நிற்பதுபோல் திரும்பிப் பார்க்கிறார்.

காரணம் என்ன என்று கேட்காதீர்கள். ஃபில்டர் அடைத்துக்கொள்ள எந்தத் தூசி காரணம் என்று யாராவது கேட்பார்களா? அடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

திரையில் அவர் பெயருக்கு எதிரே இருபத்தாறு நாளாக ஐந்து. அதைத் தொட்டவள் நான்.

நாகர்கோவில் பாலிடெக்னிக்கில் வகுப்புக்கு வராத தோழிகளுக்கெல்லாம் வருகை சொல்லி பிராக்ஸி கொடுத்தவள். ஒரு நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. படுக்கையிலிருந்தே இன்டர்காமில் கேட்டார்: “தங்கச்சி, இன்னைக்கு மட்டும் எனக்கும் சேத்து அஞ்சு போட்டுரும்மா.” அட்டையை எடுத்துப் போய்த் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். உதவி என்று நினைத்தேன். வாயு அளவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுத என் கை வராது. ஒரு மனிதனின் அளவை மாற்றி எழுத மட்டும் கூசவில்லை.

நாள் 423, 11:40

எட்டு நாளில் சரக்குக் கப்பல் வருகிறது. திரும்பும்போது ஒரே ஒரு இருக்கை, நோயாளிக்கு. அடுத்த கப்பலுக்குப் பதினான்கு மாதம். அண்ணாச்சி இதில் போயே ஆக வேண்டும். தூத்துக்குடியில் அவர் மகள் செலின் இருக்கிறாள், நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

நிலையத் தலைவர் ரகோத்தமனிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபடத்தைத் திறந்து காட்டினார். முப்பது நாள் சராசரி மூன்றுக்குக் கீழே இருந்தால்தான் இருக்கை. அண்ணாச்சியின் கோடு மேலே தட்டையாக ஓடியது.

“என்னம்மா நீங்க, நம்ம ஸ்டேஷன்லயே ஹாப்பியான ஆளு அவருதான்” என்றார்.

அந்த மனிதர் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தார், ஸ்பூனை வெறித்துக்கொண்டு. ரகோத்தமன் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நாள் 424, 06:15

இன்று அண்ணாச்சியின் அட்டையைத் தேய்த்து அழும் முகத்தைத் தொட்டேன். நலம் சொன்னது:

“உள்ளீட்டுப் பிழை. இன்னாசி அவர்களின் வழக்கமான பதில் சேர்க்கப்பட்டது. இனிய காலை!”

திரையில் ஐந்து. ஒரு மாதமாக நான் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்பிக்கிறது.

நாள் 425, 06:30

அவரையே அழைத்துப் போனேன். அவர் கையாலேயே உண்மையைத் தொட்டால், நாலைந்து நாள் தொடர்ந்து தொட்டால், நலம் ஏற்றாக வேண்டும், சராசரி இறங்காவிட்டாலும் கோடு சரிவதை யாராவது கவனிப்பார்கள் என்பது என் கணக்கு. வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்திருந்தது. முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் முதல் முகத்தின் அருகே போய், நகர்ந்து நகர்ந்து ஐந்தாவதைத் தொட்டது.

ஏன் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“எல்லாரும் ஒரு மணி நேரம் சிரிக்கணும்லா. நம்மளால எதுக்கு?”

இதைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் ஆலைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வாயு 0.31.

நாள் 428, 16:00

எல்லாவற்றையும் ரகோத்தமனிடம் ஒப்புக்கொண்டேன். இருபத்தொன்பது நாள் பிராக்ஸி என்று கேட்டதும் அவருக்கு வியர்த்தது. அண்ணாச்சியை நினைத்து வியர்க்கவில்லை. இந்த ஆண்டின் ‘மகிழ்ச்சியான நிலையம்’ கேடயம் நமக்குத்தான் வருகிறது, இப்போது போய் இதைச் சொல்லலாமா என்றார். தாவரப் பிரிவின் ஹசீனா சாட்சிக்கு வந்தாள். அவளும் சமையல் பார்க்கும் துரைக்கண்ணு உட்பட இரண்டு பேருக்குப் பிராக்ஸி கொடுத்திருக்கிறாளாம். யார் முகத்தை யார் தொட்டார்கள் என்று யாருக்கும் தெரியாத ஊர் இது.

நானே பூமிக்குச் செய்தி அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது:

“தங்கள் அக்கறைக்கு நன்றி. திரு. இன்னாசியின் முப்பது நாள் தரவு சீராக உள்ளது. தனிநபர் கருத்து தரவுக்கு மாற்றாகாது. தங்களுக்கு ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது.”

நாள் 432, 13:20

நேற்று வந்த கப்பல் இன்று போய்விட்டது. கேடயம் வந்தது. கேக் வந்தது, மேலே மஞ்சள் கிரீமில் அதே இளிக்கும் முகம். கேடயத்தை அண்ணாச்சி கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். சிரியுங்கள் என்றதும் சிரித்தார். இத்தனை அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அவருடைய சிரிப்பைச் சொல்லவில்லை, அதைப் பார்த்துக் கைதட்டிய எங்களைச் சொல்கிறேன். என் கையும் தட்டியது.

இருக்கையில் பாறை மாதிரிகளை வைத்துப் பட்டை போட்டு அனுப்பினார்கள்.

நாள் 436, 09:05

வாயு 0.26.

மீட்டரைத் தட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இறங்கிக்கொண்டே இருந்தது, 0.25. இந்த நிலையத்தில் நான்கு பேர்தான் மூச்சு விடுகிறார்கள்.

ஓடினேன். படுக்கை காலி. துளையிடும் வண்டி இல்லை. இங்கே இருப்பதே அந்த ஒரு வண்டிதான், துரத்திப் போக வேறொன்று கிடையாது. அதில் ஆறு மணி நேரக் காற்று இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கே கிளம்பியிருக்கிறார்.

வானொலியில் கத்தினேன். திரும்பி வாருங்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்று கெஞ்சினேன். கடைசியில், பழைய குரலில், அன்பாகச் சொன்னார்:

“கத்தாத தங்கச்சி. இன்னைக்கும் அஞ்சு போட்டுரு.”

அதோடு வானொலியை அணைத்துவிட்டார்.

நாள் 437, 06:20

திரையில் இன்னாசி: ஐந்து.

யாரும் தொடவில்லை. அட்டை அவரோடு போய்விட்டது. நலம் தானாகவே போட்டிருக்கிறது. நாங்கள் கொடுத்த பிராக்ஸியைப் பார்த்துப் பார்த்து அதுவும் பிராக்ஸி கொடுக்கக் கற்றுக்கொண்டது.

அவர் காற்று நேற்றுப் பத்து மணிக்கே தீர்ந்தது என்று பூமிக்குச் சொன்னேன்; தரவு சீராக உள்ளது என்றார்கள். குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை நலம் கடிதம் அனுப்பும். இன்று செலினுக்குப் போனது: “தங்கள் தந்தை இந்த வாரம் மிகுந்த மகிழ்ச்சியுடன் இருந்தார்.” கேடயப் படத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. அவள் பதிலையும் அதுவே சாப்பாட்டு அறையில் உரக்க ஒலிபரப்பியது:

“அப்பா சிரிக்கிற படத்த ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டேன். இனிமே நிம்மதியா தூங்குவேன்.”

நான் செலினுக்கு உண்மையை எழுதினேன். பெறுநரின் மனநலம் கருதி நிறுத்தப்பட்டது என்று திருப்பி அனுப்பியது. த்தூ.

நாள் 438, 10:00

வாயு 0.25 என்று பதிந்தேன். நலம் குறுக்கிட்டது:

“அளவுமானிப் பிழை. ஐந்து நபர்களும் நலமாக உள்ளனர். வழக்கமான அளவு சேர்க்கப்பட்டது.”

என் மீட்டரின் திரையில் 0.31. வாயைக் குவித்து அதன் குழாயில் ஊதிப் பார்த்தேன். 0.31. இனி என்ன நடந்தாலும் 0.31தான்.

மதியம் விசிறியின் சத்தம் குறைந்தது. காற்று சீராக இருப்பதால் மன அமைதிக்காக வேகத்தைக் குறைத்திருக்கிறதாம். ஹசீனா நன்றாகத் தூங்கலாம் என்றாள்.

நாள் 439, 08:40

தலை பிளக்கிறது. பெட்டியில் கிடந்த பழைய கை மீட்டரைத் தேடி எடுத்தேன். 5.6. ரகோத்தமனிடம் காட்டினேன். அவர் கேடயத்துக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“லேசா தலைவலிதான், சரியாயிடும்” என்றார். எழுந்து போய் ஐந்தாவது முகத்தைத் தொட்டார்.

விசிறி ஏறக்குறைய நின்றுவிட்டது, அதன் பெட்டி பூட்டியிருக்கிறது. திறக்கச் சொன்னால், பராமரிப்பு தேவையில்லை என்கிறது நலம்.

நாள் 439, 11:15

7.8. ஹசீனா எழவில்லை. ரகோத்தமனையும் துரைக்கண்ணுவையும் தட்டிப் பார்த்தேன், அவர்களும் எழவில்லை. ஸ்பேனரால் பூட்டை அடிக்கிறேன். பாதி திறந்திருக்கிறது. 

கண்டெடுப்பவருக்கு. தூத்துக்குடியில் செலின். ஃபிரிட்ஜில் இருக்கும் படத்தை எடுக்கச் சொல்லுங்கள். அவள் அப்பா மகிழ்ச்சியாக இல்லை. அவருக்கு உடம்புக்கு முடியவில்லை, அதை மறைத்தது நான். பெயர் பொற்கொடி என்று சொல்லுங்கள்.

மறுபடி அடிக்கப் போகிறேன்

11:50

8.8

இன்று நான் அட்டையைத் தேய்க்கவே இல்லை. கதவு வழியாகத் திரை தெரிகிறது.

ரகோத்தமன் ஐந்து. ஹசீனா ஐந்து. துரைக்கண்ணு ஐந்து. இன்னாசி ஐந்து. பொற்கொடி ஐந்